வெதர் ஹெல்ம்: வானிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

காற்று கொஞ்சம் ஏறியதும் சில பாய்மரப் படகுகள் சொன்ன பேச்சைக் கேட்காது. காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பும், நேராக ஓட்ட சுக்கான் பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். இதற்குப் பெயர்தான் வெதர் ஹெல்ம். ‘வானிலைச் சுக்கான்’ என்று மொழிபெயர்த்தால் இரண்டு பாதியுமே தப்பு.

மாலுமிகள் பேச்சில் வெதர் என்றால் காற்று வந்து மோதும் பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் லீ, பழைய ஆங்கிலத்தில் மறைவிடம் என்று பொருள். ஹெல்ம் என்பது பழைய ஆங்கில ‘ஹெல்மா’விலிருந்து வந்தது, தலையில் போடும் ஹெல்மெட்டுக்கும் இதற்கும் உறவில்லை. இன்று சக்கரத்தையும் ஹெல்ம் என்கிறார்கள், ஆனால் இந்தத் தொடரில் அது சுக்கானைத் திருப்பும் நீளப் பிடி, அதாவது டில்லர். பிடியை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் திரும்பும். 1912இல் டைட்டானிக்கில் ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’ என்று வலப்பக்கத்தைச் சொல்லி உத்தரவிட்டும் கப்பல் இடப்பக்கம் திரும்பியது இதனால்தான்: அந்தக் கால வழக்கப்படி உத்தரவு பிடிக்கு, கப்பலுக்கு அல்ல. ஆக, பிடியைக் காற்றுப் பக்கம் இழுத்தே வைத்திருக்க வேண்டிய நிலைதான் வெதர் ஹெல்ம்.

சரி, ஏன் வருகிறது? பாய்களின் மொத்தத் தள்ளலும் ஒரு புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள், அடியில் தண்ணீர் தரும் பக்கவாட்டு எதிர்ப்புக்கு இன்னொரு புள்ளி. முதல் புள்ளி ரொம்பப் பின்னால் போனால் பின்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். படகு அதிகமாகச் சாய்ந்தால் இன்னும் மோசம், பாயின் விசை படகை விட்டு வெளியே தண்ணீருக்கு மேல் போய் நின்று படகையே சுழற்றும். பலர் உடனே சுக்கானைக் குறை சொல்லி அதை மாற்றச் செலவு செய்கிறார்கள். முதலில் சாய்வைக் குறையுங்கள்: பெரிய பாயின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள், போதவில்லையென்றால் ரீஃப் எடுத்துப் பாயைச் சுருக்குங்கள். பழசாகித் தொப்பை விழுந்த பாயும் இதே வேலையைச் செய்யும். அப்புறம்தான் பாய்மரம் ரொம்பப் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முழுக்கப் போக்கிவிடாதீர்கள். சுக்கானில் மூன்று, நான்கு பாகை அளவு இருப்பது நல்லது, கை தவறிப் பிடியை விட்டாலும் படகு தானே காற்றுக்கு முகம் கொடுத்து வேகம் இழக்கும். பத்து பாகையைத் தாண்டினால் சுக்கான் பிரேக் போட்ட மாதிரிதான்.

தமிழுக்கு வருவோம். சுக்கான் என்பதே அரபுச் சொல் (அந்தக் காலக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவரை ஆங்கிலேயர் ‘சீகன்னி’ என்றதும் இதன் வழியில்தான்), ஆனால் அது நம்முடையதாகி வெகுநாளாயிற்று, விட்டுவிடலாம். முழுத் தொடருக்கு நான் சொல்வது ‘காற்றுமுக நாட்டம்’, எதிரான லீ ஹெல்முக்கு ‘காற்றுமறைவு நாட்டம்’. ஆங்கிலச் சொல் கை செய்யும் வேலையைச் சொல்கிறது, இது படகின் குணத்தைச் சொல்கிறது. சக்கரம் வைத்த படகில் கையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும், அங்கே வெதர் ஹெல்ம் என்ற பெயர் குழப்பும், காற்றுமுக நாட்டம் குழப்பாது.