ஹைப்பரா, ஹைப்போவா?

"எனக்குத் தைராய்டு இருக்கு டாக்டர்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஹைப்பரா, ஹைப்போவா?" என்றுதான். பலர் விழிப்பார்கள். "ஹை-ன்னு ஆரம்பிக்கும் டாக்டர்" என்பார்கள். சரிதான், இரண்டுமே அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன முன்னொட்டுகள் இவை. ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி. ஹைப்போ என்றால் கீழே, குறைவு. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் கேட்டாலும் உடம்புக்கு நேரெதிர்.

ஒரு பெண்மணி ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வந்தார். டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், 12. பக்கத்திலேயே 'அதிகம்' என்ற குறி. அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு ஹைப்பர் என்று அவரே முடிவுகட்டியிருந்தார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் அசதி, எடை கூடுவது, மலச்சிக்கல், மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்குக் குளிர்வது. அத்தனையும் ஹைப்போ. குழப்பம் எங்கே என்றால், டிஎஸ்எச்சைத் தைராய்டு சுரப்பதில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கிறது. தைராய்டு மந்தமானால், 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று பிட்யூட்டரி அதட்டும். அந்த அதட்டல்தான் அறிக்கையில் ஏறித் தெரிகிறது. அதனால் டிஎஸ்எச் கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்றே பொருள். ஹைப்போவுக்குத் தரும் லீவோதைராக்சினை ஹைப்பர்காரர் விழுங்கினால், ஏற்கெனவே படபடக்கும் இதயம் இன்னும் தறிகெட்டு ஓடும். பக்கத்து வீட்டுக்காரரின் 'தைராய்டு மாத்திரை'யை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

சர்க்கரையில் விஷயம் இன்னும் அவசரம். நீரிழிவுக்காரர் மயங்கினால் 'சுகர் ஏறிடுச்சு' என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைப்போகிளைசீமியாவை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருப்பதை. நினைவோடு விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு. அந்த நேரத்தில் சர்க்கரை அளவைப் பார்க்காமல் இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஹைப்பர்டென்ஷன். "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லையே, நான் ஏன் மாத்திரை போடணும்?" என்று கேட்காதவர் குறைவு. அந்தச் சொல்லில் உள்ள டென்ஷன் மனக்கவலை அல்ல, ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். எவ்வளவு நிதானமான மனிதருக்கும் அது ஏறலாம்.

ஹைப்போ எல்லா இடத்திலும் குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஹைப்போடெர்மிக் ஊசி என்றால் தோலுக்குக் கீழே போடுவது. அங்கே பழைய 'கீழே' என்ற பொருள் அப்படியே நிற்கிறது.

மறக்காமலிருக்க நான் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: ஹைப்'போ' என்றால் குறைஞ்சு'போ'ச்சு. கேட்டதும் சிரிப்பார்கள். அடுத்த முறை வரும்போது நான் கேட்பதற்குள், "குறைஞ்சுபோச்சு தைராய்டு டாக்டர்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.