செவ்வாய்க்கு ஆளேற்றிச் செல்லும் கலத்துக்கு எந்த எஞ்சின்?

ராக்கெட் எஞ்சின்களை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது, வாயு பின்னால் எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதைத்தான். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்தால் நொடிக்கு 4.5 கி.மீ. அணு உலையின் சூட்டில் ஹைட்ரஜனைக் காய்ச்சி விட்டால் 9 கி.மீ. செனான் வாயுவின் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, மின்புலத்தால் முடுக்கினால் 30 கி.மீ. வரும்.

இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 100 டன் கலத்தின் வேகத்தை நொடிக்கு 8 கி.மீ. கூட்ட, ஹைட்ரஜனை எரிக்கும் வேதி எஞ்சினுக்கு 490 டன் உந்துபொருள் (பின்னால் வெளியேற்றும் பொருள்) தேவை. அணு வெப்ப எஞ்சினுக்கு 143 டன். அயனிக்கு 31 டன்தான்!

சரி, அயனியே ஜெயித்துவிட்டதா? இல்லை. செவ்வாய்க்கு அப்பால் உள்ள வெஸ்டா, சீரிஸ் என்ற இரு சிறு கோள்களையும் சுற்றிவந்த டான் விண்கலத்தின் அயனி எஞ்சின் உச்சத்தில் கொடுத்த விசை 90 மில்லிநியூட்டன். இரண்டு ஏ4 தாள்களின் எடைகூட இல்லை.

விசையைக் கூட்டினால் மின்சாரம் இடிக்கும். தேவைப்படும் திறன், விசையையும் வெளியேறும் வேகத்தையும் பெருக்கி வருவதில் பாதி. 100 டன் கலத்துக்கு நாளொன்றுக்கு வெறும் 86 மீ/நொடி வேகம் கூடவே 100 நியூட்டன் வேண்டும். அதாவது, இழப்பே இல்லாவிட்டாலும் 1.5 மெகாவாட். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகள் தருவது 100 கிலோவாட் அளவில். செவ்வாய்ப் பக்கம் வெயிலும் பாதிக்குக் கீழே. அணு உலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்தான், ஆனால் மிஞ்சும் சூட்டை வெற்றிடத்தில் கதிர்வீச்சாகத்தான் கழிக்க முடியும். அதற்கான ராட்சதப் பலகைகளே எடையைத் தின்றுவிடும்.

அவ்வளவு மெதுவாகப் போனால் சரக்கு ஒன்றும் சொல்லாது, ஆட்கள்தான் பாவம். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன வழியில் அளந்த கதிர்வீச்சு தினமும் 1.8 மில்லிசீவர்ட். பூமியில் ஓராண்டில் இயற்கையாகப் படுவது அங்கே ஒன்றரை நாளிலேயே சேர்ந்துவிடும்.

ஆகவே ஆட்களுக்கு என் ஓட்டு அணு வெப்ப எஞ்சினுக்கு. உலையின் சூடு மின்சாரமாக மாறாமல் நேரே வாயுவுக்குப் போகிறது, அதனால் விசைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கா 1969-இல் நெவாடாவில் ஓட்டிப் பார்த்த எஞ்சின் 20 டன் எடைக்கும் மேலான விசையைக் கொடுத்தது. 1973-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இதிலும் ஒரு தலைவலி உண்டு: திரும்பி வருவதற்கான திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில், ஆவியாகி ஓடிவிடாமல், மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதற்கு வழி பிறக்கும்வரை சரக்கை அயனி எஞ்சினில் முன்கூட்டியே அனுப்பிக்கொண்டிருக்கலாம்.