கொல்லிமலை ஏறி இறங்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்துவிட்டால், அதற்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கும். பைக் ஓட்டப் பிடித்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கொல்லிமலைச் சாலையை விட நல்ல இடம் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். சமவெளியில் வண்டி பாட்டுக்கு ஓடிவிடும். அது எப்படித் திரும்புகிறது, எப்படி வேகம் குறைகிறது என்பது உடம்புக்கு உறைப்பது இங்கேதான்.

முதலில் திரும்புவதைப் பார்ப்போம். இடது பக்கம் திரும்ப என்ன செய்வீர்கள் என்று யாரைக் கேட்டாலும், "ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிப்பேன்" என்பார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு போகும் வேகத்தில் அது சரி. கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் நடப்பது நேர் எதிர். இடது கைப்பிடியை நாம் லேசாக முன்னால் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. டயர் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் நகர்ந்துவிடுவதால், மேலே இருக்கும் நாமும் வண்டியும் இடப்பக்கம் சாய்கிறோம். சாய்ந்த பிறகு சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சின்ன வயதில் உள்ளங்கையில் விளக்குமாற்றுக் குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கையை வலப்பக்கம் நகர்த்தினால் குச்சி இடப்பக்கம் விழுமே, அதேதான் இது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதைச் செய்கிறோம், செய்கிறோம் என்று தெரியாமலே. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் வில்பர் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் கேட்டும் பார்த்திருக்கிறார்.

சரி, சாயத்தான் வேண்டுமா? ஆமாம். வளைவில் சாலை நம் டயரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அடியில் மட்டும் விழுவதால், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் வண்டி வெளிப்பக்கம் கவிழ்ந்துவிடும். உள்பக்கம் சாய்ந்தால் நம் எடையே அதைச் சரிக்கட்டிவிடும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் அளவும் முடிவு செய்கின்றன. வண்டியின் எடைக்கு அதில் வேலை இல்லை. புல்லட்டுக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான்.

8 மீட்டர் ஆரம் உள்ள வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 21 டிகிரி சாய வேண்டும். 30 கிலோமீட்டர் என்றால் 41 டிகிரி! வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் டயர் சாலையைப் பிடிக்க வேண்டிய பிடிப்பு இரண்டே கால் மடங்காகிவிடுகிறது. 20-இல் வண்டி எடையில் பத்தில் நான்கு பங்கு பிடிப்பு போதும். 30-இல் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு தேவை. காய்ந்த நல்ல தார்ச்சாலையே அதைக் கொடுக்கத் திணறும். மிளகுக்கொடி படர்ந்த மரங்களிலிருந்து பனி சொட்டிச் சாலை நனைந்திருக்கும் காலையில், அல்லது வளைவில் மண் சரிந்து கிடக்கும்போது, 20 கூட அதிகம்.

ஏறுவதாவது பரவாயில்லை. இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு தடவை நானும் மாமா பையனும் ஒரே வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவன்தான் ஓட்டினான். பெட்ரோல் மிச்சம் ஆகட்டும் என்று நியூட்ரலில் விட்டு, பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தான். பாதி மலையில் ரப்பர் கருகுவதுபோல ஒரு வாடை. "மச்சான், பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்குது" என்றான். முன் பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஓரங்கட்டினோம். தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து, பின்சக்கரத்தின் நடுவில் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மின் மேல் ஒரு சொட்டு உதறினேன். சுர்ரென்று ஆவியாகிப் போனது.

அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? வண்டியும் இரண்டு ஆளுமாக 250 கிலோ. உயரத்தில் 1000 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றலைக் கொண்டு எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நியூட்ரலில் வந்தால் அதில் பெரும்பகுதியை அந்தச் சின்ன டிரம்தான் தாங்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால், டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கின் உராய்வு குறைந்துபோகும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். டிஸ்க் பிரேக்கில் வேறு விதம். அங்கே பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும்.

கியரில் வந்தால் அந்த ஆற்றலில் பெரும்பங்கை இன்ஜின் தின்றுவிடும். ஆக்சிலேட்டரை மூடியதும் இன்ஜினுக்குள் காற்று போகும் வழி ஏறக்குறைய அடைபடுகிறது. பின்சக்கரம் செயின் வழியாக இன்ஜினைச் சுற்ற வைக்க, பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்தப் போராட்டமே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இன்ஜின் கூடுதலாகச் சுற்றும், பிடிப்பும் கூடும். இன்னொன்று, இப்போது வரும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இப்படி இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓடும் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். ஆக, மிச்சம் பிடிக்க நினைப்பவர்களும் கியரில்தான் வர வேண்டும்.

அன்றைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து டிரம்மை ஆறவிட்டோம். மீதி வளைவுகளை நான் செகண்ட் கியரிலேயே இறக்கினேன், கிளட்சைத் தொடவே இல்லை. காரவள்ளியில் நிறுத்தியதும் மாமா பையன் குனிந்து டிரம்மில் விரலை வைத்துப் பார்த்தான். டீ டம்ளர் சூடுதான் இருந்தது.