ஐந்தாவது முறை சொல்லும்போது

காலை எட்டு மணிக்கு "ஷூவைப் போடுடா கண்ணா" என்று தொடங்குவது, ஐந்தாவது முறை சொல்லும்போது கத்தலாகிவிடுகிறது. பிள்ளை அழுகிறான். வேன் போன பிறகு அம்மாவும் அழுகிறார். பார்க்கிறவர்களோ, "இப்படிக் கத்தினா பிள்ளை எப்படி உருப்படும்?" என்கிறார்கள்.

அம்மா கத்துவதால்தான் பிள்ளை இப்படி என்பது அவர்கள் கணக்கு. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகள் விஷயத்தில், 1979இல் வெளியான ஒரு சோதனை அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. ரஸ்ஸல் பார்க்லி, சார்லஸ் கன்னிங்ஹாம் என்ற உளவியலாளர்கள் இத்தகைய சிறுவர்களும் தாய்மார்களும் பழகுவதைக் கவனித்தார்கள். சிறுவர்களுக்கு ஒரு கட்டத்தில் மெத்தில்ஃபெனிடேட் மருந்து, இன்னொரு கட்டத்தில் வெற்று மாத்திரை. எது எப்போது என்று தாய்க்கும் தெரியாது, குறிப்பெடுத்தவர்களுக்கும் தெரியாது. மருந்து எடுத்தபோது பிள்ளைகள் தாய் சொன்னதை அதிகமாகக் கேட்டு நடந்தார்கள். தாய்மார்கள் இடும் கட்டளைகளும் தாமாகவே குறைந்தன. தாய்மார்களுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. குற்றவுணர்ச்சியில் கரையும் ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பிள்ளை மீதும் தப்பில்லை. 'ஷூ' என்ற சொல் காதில் விழுகிறது. அதைச் செய்து முடிக்கும்வரை மனதில் பிடித்துவைக்கும் திறன்தான் தளர்வாக இருக்கிறது. மூளையின் வெளி அடுக்கான புறணியின் பாதிப் பகுதி உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்குச் சுமார் ஏழரை, இவர்களுக்குப் பத்தரை என்று 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது, இவர்களின் மூளை முதிர்வது தாமதமாகிறது.

இதற்கு மேல் ஒரு சுழல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் அதை விரிவாக விளக்கினார். பிள்ளை அடம்பிடிக்கிறான், அலுத்துப்போய் அம்மா விட்டுவிடுகிறார்: அடம் பலிக்கும் என்று அவன் கற்கிறான். இன்னொரு நாள் அம்மா கத்துகிறார், அவன் அடங்குகிறான்: கத்தினால்தான் நடக்கும் என்று அவர் கற்கிறார். இருவருக்கும் கிடைக்கும் பரிசு சில நிமிட அமைதி. அதற்காகவே மறுநாள் இரண்டு குரலும் இன்னும் கொஞ்சம் உயர்கின்றன.

அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஏடிஹெச்டியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் மரபணு சார்ந்தது. எனவே சில தாய்மார்களுக்கும் இதே குறைபாடு இருக்கலாம். துள்ளித் திரியாமல் கனவில் மூழ்கிக் கிடக்கும் சிறுமிகளை யாரும் மருத்துவரிடம் அழைத்துப்போவதில்லை. அவர்கள் வளர்ந்து, தங்கள் சாவியையே தேடிக்கொண்டிருக்கும் நிலையில், இன்னொருவரின் நாளையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் களைப்பைச் சோம்பல் என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள்.

சுழலை உடைக்கப் பெற்றோர் பயிற்சியில் சொல்லித்தருவது எளிமையானது. அருகில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, செய்த உடனே பாராட்ட வேண்டும். ஆனால் இரவெல்லாம் தூங்காத, மனச்சோர்வில் இருக்கும் ஒருவரால் காலை எட்டு மணிக்கு அந்த நான்கு அடி நடப்பது கடினம். அதனால்தான், பிள்ளையைப் பரிசோதிக்கும் மருத்துவர் அம்மாவிடமும் கேட்க வேண்டும்: "நீங்க தூங்குறீங்களாம்மா?"