வீவக மறுவிற்பனை வீடு: இன வரம்பு யாரைத் தடுக்கும்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்கவோ விற்கவோ கிளம்பும் இந்தியக் குடும்பம் விலை பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த புளோக்கில், அதாவது அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், எந்த இனத்தின் வரம்பு நிரம்பியிருக்கிறது?

இந்த வரம்புகளை விதிக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். பெடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் சேர்ந்து சேர்ந்து குடியேறி வந்தார்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த நாடு; அடுக்குமாடிகளிலும் இனத்துக்கொரு பேட்டை உருவாகிவிடுமோ என்று அரசு அஞ்சியது.

பேட்டைக்கு (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரம்) ஒரு வரம்பு, புளோக்குக்கு ஒரு வரம்பு. சீனர்களுக்குப் பேட்டையில் 84, புளோக்கில் 87 விழுக்காடு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களையும் மற்றவர்களையும் ஒரே பிரிவாக வைத்து 12, 15 (2010க்கு முன்பு இது 10, 13). கணவனும் மனைவியும் வேறு வேறு இனமென்றால், இருவரில் ஒருவரது இனத்தைக் குடும்பத்தின் இனமாகக் காட்டலாம்.

“இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டது, இனி என் வீடு விலைபோகாது” என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கவலை வேண்டாம். ஓர் இந்தியர் இன்னோர் இந்தியருக்கு விற்றால் கணக்கு மாறுவதில்லை, ஆகவே அதற்கு எப்போதும் தடையில்லை. அங்கே முட்டிக்கொள்வது, சீனரிடமோ மலாய்க்காரரிடமோ வீடு கேட்டுப் போகும் இந்தியர்தான்.

இந்திய விற்பனையாளருக்கு உண்மையான இடி, புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பும்போது விழுகிறது. சீனருக்கு அவர் விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். எஞ்சிய சிலரை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். அடுத்த கதவில் இருக்கும் சீனர் அதே அளவு வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒரே மின்தூக்கியில் எல்லா இனத்தாரும் ஏறி இறங்குவது எல்லாருக்கும் நல்லதுதான். அதற்கான செலவு மட்டும் சிறுபான்மையினர் பையிலிருந்து அதிகம் போகிறது.

இந்தக் குறை நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. நேர்மையாக முயன்றும் வீட்டை விற்க முடியாதவர்களிடமிருந்து, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்த்து, வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022 மார்ச்சில் அறிவித்தார்கள்.

நிரந்தரவாசிகளுக்கு இதோடு இன்னொரு வரம்பும் உண்டு: பேட்டையில் 5 விழுக்காடு, புளோக்கில் 8. மலேசியர்களுக்கு அது இல்லை.

வரம்பு நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டாலே தெரிந்துவிடும். ஆப்ஷன் பணம் (வீட்டை வாங்கும் உரிமைக்குக் கொடுக்கும் முன்பணம்) கைமாறுவதற்கு முன்பு பாருங்கள். முகவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட வேண்டாம்.