சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் யார்?

பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மதிப்பெண் சரிந்த பிள்ளையை என்னிடம் அனுப்பும்போது ஆசிரியர்கள் காரணத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்கள். "வீட்டுல நாலு பசங்க மேடம்." "அப்பா இல்ல." "ஒரே பையன், செல்லம் ஜாஸ்தி." மூன்றையுமே நான் பாதிதான் நம்புவேன்.

பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நெதர்லாந்தில் 19 வயது இளைஞர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேரின் அறிவுத்திறன் சோதனையை அலசிய ஆய்வு 1973-இல் வந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். இருப்பதைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தானே கிடைக்கும். ஆனால் 2005-இல் வெளியான நார்வே ஆய்வில், எத்தனையாவது பிள்ளை என்பதையும் கணக்கில் சேர்த்தபோது குடும்ப அளவின் தாக்கம் ஏறக்குறைய மறைந்தே போனது. அங்கே பின்னால் பிறந்தவர்கள்தான் படிப்பில் பின்தங்கினார்கள்.

நான் பார்க்கும் திருப்பூர் லைன் வீடுகளில் இது பல சமயம் தலைகீழ். அடிபடுவது மூத்தது, அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முதல் பீரியடிலேயே தூங்குகிறாள் என்று அனுப்பினார்கள். கீழே இரண்டு தம்பிகள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர ஒன்பது ஆகிவிடும். ஒரு தாளைக் கொடுத்து, நேற்று சாயங்காலம் என்னென்ன செய்தாய் என்று மணி போட்டு எழுதச் சொன்னேன். ஐந்து மணிக்குச் சின்னவனைப் பக்கத்து வீட்டிலிருந்து கூட்டி வருவது. ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிப்பது. ஆறரைக்குச் சோறு வைப்பது. ஏழரைக்குத் தம்பிகளுக்குப் போட்டுக் கொடுப்பது. அப்புறம் பாத்திரம். பத்து மணிக்கு நேரே 'படிப்பு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'தூக்கம்' என்று மாற்றியிருந்தாள். பொய் எழுத மனசு வரவில்லை போலிருக்கிறது.

அவளுடைய பெரிய தம்பி ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். சோறு வேகிற நேரத்தில் அக்கா வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். அவனுக்கு வீட்டிலேயே ஒரு டீச்சர் இருக்கிறாள். டீச்சருக்குத்தான் யாரும் இல்லை.

கூட்டுக் குடும்பம் என்றால் ஆள் இருக்கிறார்களே என்போம். ஏழு பேர் இருக்கும் வீட்டுப் பையன் ஒருவனுடைய ரேங்க் கார்டு இரண்டு வாரமாகக் கையெழுத்தில்லாமல் பையிலேயே கிடந்தது. சித்தப்பா பார்த்திருப்பார் என்று அம்மா இருந்திருக்கிறார். தாத்தா பார்த்திருப்பார் என்று சித்தப்பா. ஏழு மணிக்கு ஹாலில் சீரியல் ஓடும், பையன் வாசல்படியில் நோட்டை விரித்திருப்பான்.

அப்பா இல்லாத வீடு என்று சொல்லும்போது, அங்கே ஒரு சம்பளம் குறைந்திருப்பதையும், அதனால் அடிக்கடி வீடு மாறுவதையும் யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் படிப்பில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெற்றோர் கூட்டத்தில் சிறு குடும்பப் பிரசாரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். அதோடு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்தாகிவிட்டதே! அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி: சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளை பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண்ணின் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொன்னேன். மற்ற நாளில் வந்தால் கூலி போய்விடும். "அவ பொறுப்பான புள்ளைங்க மேடம், எல்லாம் பாத்துக்குவா" என்றார் பெருமையாக. மகள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தேன். படித்து முடித்தும் வெகுநேரம் மடிக்காமல் வைத்திருந்தார்.

தண்ணீர் பிடிக்கும் வேலையைப் பெரிய தம்பிக்கு மாற்றினோம். பாத்திரத்தை, வந்து தானே கழுவிக்கொள்வதாக அம்மா சொன்னார். ஏழரையிலிருந்து எட்டரை வரை பக்கத்து வீட்டுப் பாட்டியின் திண்ணை அவளுக்கு. சின்னவனைப் பாட்டி பார்த்துக்கொள்வார். இரண்டு மாதம் ஆகிறது. கணக்கு இன்னும் இழுக்கிறது, ஆனால் முதல் பீரியட் தூக்கம் குறைந்திருக்கிறது. போன வாரம் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்து, குடம் தூக்கிக் கை வலிக்கிறது என்று அக்கா மேல் புகார் சொல்லிவிட்டுப் போனான்.