மந்திரி வந்தது தெரியும், யாரைப் பார்த்தார்?

திருநெல்வேலிக்கு ஒரு அமைச்சர் வந்தால் ஊருக்குத் தெரியாமல் போகாது. வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்தே கட்சிக்கொடிகள் ஆரம்பித்துவிடும். வண்ணார்பேட்டை சுற்றுலா மாளிகை வாசலில் கார்கள் நிற்கும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஆய்வுக் கூட்டம், எங்காவது ஒரு கட்டடத் திறப்பு, மறுநாள் பேப்பரில் படம். கூட்டத்துக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவில் அவரைத் தனியாகப் பார்த்துப் பேசியவர்கள் யார், எந்தக் காரியமாகப் பேசினார்கள் என்பது மட்டும் எந்தச் செய்திக்குறிப்பிலும் இருக்காது.

தகவல் உரிமை மனு எழுத வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “ஊருக்கே தெரிஞ்ச விஷயம்லா வக்கீல் சார், இத எழுதி வேற கேக்கணுமா?” கேட்கத்தான் வேண்டும் அண்ணாச்சி. டீக்கடையில் தெரிந்ததை வைத்து மேல்முறையீட்டில் ஒரு வரிகூட வாதாட முடியாது. அதோடு, சென்னையைவிட நம்மைப் போன்ற சின்ன இடத்துக்குத்தான் இந்தச் சந்திப்புகளின் பதிவு அதிகம் தேவை என்பது என் கருத்து. இங்கே டெண்டர் எடுப்பவர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர், கோயில் கொடைக்கு நன்கொடை கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். வெளியூர் கம்பெனி அமைச்சரைப் பார்க்க லெட்டர் கொடுத்து நேரம் வாங்கும். அந்த லெட்டர் ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கும். உள்ளூர்க்காரருக்கு ஒரு போன் போதும்.

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதன்பிறகு மாவட்டத்துக் குவாரிகளை அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். அப்படி ஒரு நேரத்தில் அனுமதி, அபராதம், மறுபடி திறப்பது என்று வரிசையாக முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு முன்னால் குவாரி தரப்பு யாரைச் சந்தித்தது, பக்கத்துக் கிராமத்தார் யாரைச் சந்திக்க முடிந்தது என்று தெரிந்துகொள்ள ஊருக்கு உரிமை உண்டா இல்லையா? யாரோ தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் அதைக் காட்ட ஒரு தாள் வேண்டும்.

யார் யார் வந்து பார்த்தார்கள் என்று எழுதி வைக்கும் வருகைப் பதிவேடு சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2014-இல் சிபிஐ இயக்குநராக இருந்த ரஞ்சித் சின்காவின் வீட்டு வருகைப் பதிவேடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2ஜி விசாரணையிலிருந்து விலகி நிற்கும்படி நீதிமன்றம் அவரிடம் சொன்னது. நிலக்கரி வழக்கில், விசாரணை அதிகாரி இல்லாமல் குற்றம்சாட்டப்பட்டவர்களைச் சந்தித்தது முறையல்ல என்று 2015-இல் கூறியது.

சின்ன இடத்தில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவைக் காட்டலாம். அந்தத் தலைநகர்ப் பகுதி முழுவதற்கும் 2021 கணக்கெடுப்புப்படி சுமார் நாலரை லட்சம் பேர். நம் மாநகராட்சிக்கு 2011 கணக்கிலேயே 4.7 லட்சம். அங்கே 2018-இல் நடைமுறைக்கு வந்த தகவல் சட்டத்தின்படி அமைச்சர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்று காட்டும் டைரி, பயணச் செலவு, விருந்துச் செலவு எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். அதே நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2013 முதலே டைரியை மாதாமாதம் போட்டுவருகிறது.

நம் சட்டமும் மோசமில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, மக்கள் மனுப் போடும் தேவையே குறையும்படி அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது. 2012 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: மத்திய அமைச்சர்களும் மூத்த அதிகாரிகளும் போன இடம், நாட்கள், உடன் போனவர்களின் எண்ணிக்கை, மொத்தச் செலவு ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அது மாநில அமைச்சர்களைக் கட்டுப்படுத்தாது. பயணத்தை மட்டும்தான் சொல்கிறது; சந்திப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? “அமைச்சர் ஏன் அவரைச் சந்தித்தார்” என்று எழுதினால் மனு திரும்பி வரும். இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும், புதிதாகத் தயாரித்துத் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்ன தேதி சுற்றுப்பயண நிகழ்ச்சி நிரல், ஆய்வுக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் கையெழுத்திட்ட தாள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அரசு வாகனத்தின் லாக் புக், சுற்றுலா மாளிகையின் அறைப் பதிவேடு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளிலேயே, அரசுப் பயணத்தில் சொந்த வீட்டிலோ, அரசு விடுதியிலோ, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டலிலோ தங்குவது நல்லது, தன் பெயரில் நடக்கும் ஆடம்பர விருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. தங்கினாரா என்பதைப் பதிவேடு சொல்லும்.

தேதியைக் குறுக்கிக் கேளுங்கள். “ஐந்து வருட விவரம் எல்லாம்” என்றால் மறுப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்று கேட்கவும் 2(ஜெ) பிரிவில் உரிமை உண்டு. பழைய பதிவேடுகளுக்கு அதுதான் சுலபம்.

பாதுகாப்பு என்ற பதில் வரலாம். நாளைக்கு எந்த வழியாகப் போகிறார் என்று கேட்டால் மறுப்பது நியாயம். போன மாசம் வந்துபோனதற்கு அந்தக் காரணம் செல்லாது.

எனக்கே தயக்கம் உள்ள இடம் ஒன்று உண்டு. மந்திரியைப் பார்க்கப் போவது காண்ட்ராக்டர் மட்டுமா? பட்டாவுக்கு அலைகிற விதவை, மணல் லாரிக்கு எதிராக மனுக் கொடுக்கிற பையன், எல்லாரும் போகிறார்கள். சின்ன ஊரில் அந்தப் பையனின் பெயர் வெளியே வந்தால் அன்று ராத்திரியே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். குறை சொல்ல வந்தவர்களின் பெயரை மறைத்துவிட்டு, உரிமம், நிலம், ஒப்பந்தம் தொடர்பாக வந்தவர்களின் பெயரை மட்டும் கேட்பதே சரி. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரலாம் என்று 10-வது பிரிவே சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியிருப்பதால், இனி “தனிப்பட்ட தகவல்” என்று ஒரே வரியில் பதில் வருவது கூடும். பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லி முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள் போடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம். மனு நகலும் தபால் ரசீதும் கையில் இல்லாமல் மட்டும் யாரும் என்னிடம் வந்துவிடாதீர்கள்.